ஒரு கரடியின் கையும் என் தலையாட்டலும்

கால்நடை மருத்துவர் வேலை என்றால் ஆடு, மாடு, எருமை, கோழி, அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதானே சேர்ந்திருக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் சேர்ந்தேன். திருப்பதியில் படித்து முடித்தேன், புத்தூர்ப் பக்கம் முதல் போஸ்டிங் கிடைத்தது, அதன்பிறகு முப்பத்து மூன்று வருடம் சித்தூர் ஜில்லாவை விட்டு நகரவில்லை. ஜில்லாவைப் பிரித்தபோது உட்கார்ந்த நாற்காலியிலேயே திருப்பதி ஜில்லாக்காரி ஆனேன். போன வருடம் மாலை போட்டு, கையில் ஒரு குத்துவிளக்கைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இத்தனை வருடத்தில் என்னிடம் வந்தவற்றில் பாதி வைத்தியத்துக்கு வந்தவை அல்ல. "இது என்னது?" என்று கேட்க வந்தவை. கிணறு தூர் வாரும்போது கிடைத்த மண்டை ஓடு, பள்ளிக்கூடக் கூரையில் காய்ந்து கிடந்த ஏதோ ஒன்று, கல்யாண வீட்டுப் பிரியாணியில் கிடந்த எலும்பு. அந்தப் பிரியாணி எலும்பைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. "ஆட்டு எலும்புதான்" என்று நான் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. சண்டை போடத் தயாராக வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன்.

உங்களுக்கும் இதெல்லாம் வரும். இப்போது துண்டில் முடிந்துகொண்டு வரக்கூட மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிவிட்டு இரண்டு நிமிடத்தில் "சொல்லுங்க மேடம்" என்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் சாதனைகளை எழுதச் சொன்னால் ஒரு பக்கம் தேறாது. தவறுகளில் பெரியதாக ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் என் குருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தூர் என்றதும் எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிற வைத்தியம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் எலும்பு கற்றது அதே ஊரில்தான், ஆனால் கறிக்கடையில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கடையில் நாய்க்கறி விற்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. கடைக்காரம்மாவுக்கு அப்போதே ஐம்பது வயது இருக்கும். தன் பேரை எங்கேயும் எழுதக்கூடாது என்று பிற்பாடு சத்தியம் வாங்கிக்கொண்டார், அதனால் பேர் கிடையாது. கடைக்கு வெளியே கூட்டம். உள்ளே நான். கையில் ஒரு கால் எலும்பை வைத்துக்கொண்டு, படித்ததெல்லாம் மறந்துபோய், பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி விழித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா கண்ணு, எலும்ப அப்பிடி மொறைச்சிப் பாத்துகினு கீறே? அது பேசுமா?" என்றார் அந்தம்மா. அப்புறம் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, கட்டையில் வைத்து, கத்தியால் நெடுக்காக ஒரு போடு போட்டார். "உள்ள பாரு. நடுவுல தடுப்பு கீதா? ரெண்டு வெரலு ஒண்ணா ஒட்டிக்கினு ஒரே எலும்பா ஆயிக்கீது. இதான் ஆடு. நாயின்னா நாலு எலும்பு தனித்தனியா இருக்கும். அதுக்கு ஓடவும் வேணும், பொறாண்டவும் வேணும். ஆட்டுக்கு ஓடுனா போதும்."

குற்றம் சாட்டப்பட்டவரே அதிகாரிக்குப் பாடம் எடுத்த விசாரணை அது. வெளியே வந்து கம்பீரமாக "ஆடுதான்" என்று அறிவித்தேன். கூட்டம் கலைந்தது. அந்தம்மா எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்துவிட்டு, என் தொழிலுக்கு வேண்டிய மொத்தத்தையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். "எலும்ப எண்ணுனா எந்த வூட்டுதுன்னு தெரியும். மூட்டப் பாத்தா இன்னா பொழப்புன்னு தெரியும். ரெண்டையும் பாக்காம வாயத் தொறக்காத."

முப்பது வருடம் அதைக் கடைப்பிடித்தேன். ஒரே ஒரு நாள் தவறினேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லைதான். தலையை ஆட்டினேன்.

ரிட்டையர் ஆவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு. மாங்காய் இறக்கும் மாதம். நாராயணவனத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடப் போயிருந்தேன். பாதி மாடு முடிந்திருக்கும். இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்து, எஸ்.ஐ. கூப்பிடுகிறார் என்றார்கள். ஊசி மருந்துப் பெட்டியோடு அப்படியே போனேன்.

ஊர்க்கோடியில் ஒரு மாந்தோப்பு. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் ஏழுமலை. நாலு நாளைக்கு முன்னால் அவனுக்கும் அவன் பெண்டாட்டி கஸ்தூரிக்கும் ஊரே கேட்கும்படி சண்டை. அவள் ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரி வேலைக்குப் போகிறேன் என்றிருக்கிறாள். மாங்காய் இறக்குகிற நேரத்தில் தோப்பை யார் பார்ப்பது என்று இவன் குதித்து, அவளுடைய செல்போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்து உடைத்திருக்கிறான். அவள் அவன் கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தாய் வீடு வரதய்யபாளையம். அங்கே போயிருப்பாள் என்று இவன் இருந்துவிட்டான். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் மச்சான்களுக்குப் போன் போட்டால், "எங்க வூட்டுக்கு வரலியே" என்கிறார்கள். அவள் எங்கேயும் இல்லை.

நாலாம் நாள் காலையில் தெரு நாய்கள் தோப்பு வேலிக்குள்ளிருந்து ஒரு கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டன.

நான் போனபோது ஒரு கோணிப்பையின் மேல் அது கிடந்தது. தோல் இல்லை, அங்கங்கே காய்ந்த சதையும் நரம்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு, உள்ளங்கை, ஐந்து விரல். சுற்றி ஊரே நின்றது. கஸ்தூரியின் இரண்டு தம்பிகளும் பைக்கில் வந்து இறங்கியிருந்தார்கள், ஆளுக்கொரு கட்டையோடு. ஏழுமலையை ஒரு கான்ஸ்டபிள் தோளைப் பிடித்து நிறுத்தியிருந்தார். அவன் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தான். "அது அவ கை இல்ல சார். சத்தியமா அவ கை இல்ல."

எஸ்.ஐ. சின்ன வயசுப் பையன், தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார், பதற்றம் வந்தால் தெலுங்கு கலந்துவிடும். "மேடம்காரு, ஆஸ்பத்திரி டாக்டர் வர மத்தியானம் ஆகுமாம். போட்டோ பாத்துட்டு மனுஷக் கை மாதிரிதான் இருக்குன்னு சொன்னாரு. நீங்க கூட டாக்டர்தான, டாக்டரே கதா. ஒரு பார்வை பாத்து செப்பண்டி."

பார்த்தேன். நின்ற இடத்திலிருந்து, குனியாமல், மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு. என் கண்ணுக்கும் அது ஒரு பெண்ணின் கையாகத்தான் தெரிந்தது. ஐந்து விரல், அளவு சரி, ஆள் காணவில்லை, புருஷனோடு சண்டை. கதை முழுசாக இருந்தது, அதில் ஒரு கைதான் குறைவாக இருந்தது. தலையை ஆட்டினேன்.

பிற்பாடு எனக்கு நானே பல நாள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், "பார்த்துவிட்டேன்" என்ற அர்த்தத்தில்தான் ஆட்டினேன் என்று. பொய். மனிதக் கை என்று நம்பித்தான் ஆட்டினேன். நாலு நாளில் ஒரு கை இவ்வளவு காயுமா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை கத்திக்கொண்டிருந்த ஏழுமலை சட்டென்று அடங்கினான். மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "பாத்தியா, ஒத்துக்கினான்!" என்று யாரோ சொன்னார்கள். அடுத்த நொடி தம்பிகள் இரண்டு பேரும் அவன் மேல் விழுந்தார்கள். அவன் கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்களால் ஒரு தம்பியைத்தான் பிடிக்க முடிந்தது. கூட்டமும் நெருங்கியது. எஸ்.ஐ. விசிலை ஊதிக்கொண்டே நின்றார். விசிலுக்கு நிற்கிற கூட்டம் அல்ல அது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது என் தலையாட்டலில் ஆரம்பித்தது என்று. என் தொண்டை காளை மாட்டைக் கொட்டிலுக்கு விரட்டிப் பழகிய தொண்டை. "நிறுத்துங்கடா! நான் இன்னும் சொல்லி முடிக்கல!" என்று கத்தினேன்.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நேரம் வாங்கச் சொன்ன வார்த்தை அது. ஆனால் கூட்டம் நின்றது. டாக்டரம்மா மேற்கொண்டு ஏதோ பயங்கரமாகச் சொல்லப்போகிறாள், அதைக் கேட்டுவிட்டு அடிக்கலாம் என்று நின்றார்கள். அந்த ஆர்வத்துக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சொல்ல வேண்டுமே. கோணிப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசிப் பெட்டியில் இருந்த கையுறையைப் போட்டுக்கொண்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, விரல் எலும்பு உள்ளங்கையோடு சேருகிற இடத்தைத் திருப்பினேன். மூட்டைப் பாரு என்ற கறிக்கடை அம்மாவின் குரல் காதில் கேட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில் எதுவும் கேட்கவில்லை. கை தன் பாட்டுக்குப் பழக்கத்தில் திருப்பியது.

நம் கையில் விரல் முட்டி உருண்டையாக, வழவழவென்று இருக்கும். எந்தப் பக்கமும் கொஞ்சம் அசையும். இதில் முட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு வரப்பு ஓடியது. முன்னும் பின்னும் மட்டும் போக வேண்டும், பக்கவாட்டில் நழுவக்கூடாது என்று போட்ட வரப்பு. நடக்கிற கை இது, தோண்டுகிற கை. அப்புறம் ஐந்து எலும்பையும் பார்த்தேன். ஐந்தும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரே திசையைப் பார்த்து நின்றன. கட்டை விரல் என்று தனியாகத் திரும்பி நிற்கிற ஒன்று அதில் இல்லவே இல்லை. இருப்பதில் தடியான விரல் எது என்று பார்த்தால், சுண்டு விரல்!

கரடி. இந்த மலையில் இருக்கிறதுதான். விரல் நுனிகளும் நகமும் போய்விட்டால் கரடியின் முன்னங்கால் இப்படித்தான் ஏமாற்றும். படித்திருக்கிறேன். படித்தது குனிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது, சரி. கட்டை பிடித்து நிற்கிறவனுக்கு எப்படித் தெரிய வைப்பது? தலையை ஆட்டிய அதே டாக்டரம்மா இப்போது கரடி என்றால், ஏழுமலையிடம் ஏதோ வாங்கிக்கொண்டேன் என்பார்கள். என் வார்த்தைக்கு இனி அங்கே மதிப்பில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

எழுந்து நின்று, "எல்லாரும் கைய நீட்டுங்க" என்றேன்.

ஊசி போடப்போகிறேன் என்று நினைத்து ஒரு பெண் பின்னால் நகர்ந்தாள். "ஊசி இல்லம்மா. சும்மா நீட்டு. எஸ்.ஐ. சார், நீங்களுந்தான்." தம்பிகள் மட்டும் கட்டையோடு நின்றார்கள். "தம்பி, கட்டைய வச்சிக்கினு கைய எப்பிடி விரிப்பே? கீழ போடு. உங்க அக்கா கையான்னு பாக்க வேணாமா?" என்றேன். பெரியவன் ஒரு கணம் யோசித்தான், போட்டான். சின்னவனும் போட்டான். இந்த இடத்தில் புதியவர்களுக்கு ஒரு யோசனை: வாக்குவாதம் முற்றும்போது எதிராளியின் இரண்டு கைக்கும் ஏதாவது வேலை கொடுத்துவிடுங்கள்.

"கட்ட வெரலால சுண்டு வெரல் நுனியத் தொடுங்க."

ஊரே தொட்டது. எஸ்.ஐ. தொட்டார், கான்ஸ்டபிள்கள் தொட்டார்கள். மண்ணில் கிடந்த ஏழுமலையைத் தவிர எல்லோரும் தங்கள் கையை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப உங்க கையில தடியா கீறது எந்த வெரலு?"

"கட்ட வெரலு," என்றது ஊர்.

"சோனியா கீறது?"

"சுண்டு வெரலு."

"இப்ப கிட்ட வந்து இந்தக் கையப் பாருங்க. இது உள்ளங்கை. எந்த வெரலு எதுன்னு நீங்களே எண்ணுங்க."

பெரிய தம்பிதான் முதலில் குனிந்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். கட்டை விரல் இருக்க வேண்டிய இடத்தில் சோனியான ஒன்று. சுண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் விடத் தடித்த ஒன்று. தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான். "இன்னாமா இது, தலகீழா கீது?" என்றான். குரலில் பாதி கோபம் போய்விட்டிருந்தது.

"இது கரடி. மனுசக் கையே இல்ல. நான் முன்ன தலைய ஆட்டுனது தப்பு. சரியா பாக்காம ஆட்டிட்டேன்."

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஊர் நடுவில், போலீஸ் முன்னால். ஆனால் சொன்ன பிறகுதான் நான் சொன்ன மற்றதையும் நம்பினார்கள். எஸ்.ஐ. மட்டும் நோட்டைக் காட்டி முனகினார். "மேடம், பஞ்சநாமாவுல, ஸ்பாட் ரிப்போர்ட்ல, மனித கைன்னு எழுதிட்டேனே." "அடிச்சிட்டு எழுதுங்க சார், பேப்பர்தான்" என்றேன். அவரோடு சேர்ந்து சாம்பிளும் எடுத்து லேபுக்கு அனுப்பினோம். அனுப்பத்தான் வேண்டும். ஆனால் லேப் பதில் வருகிற வரைக்கும் ஏழுமலைக்கு உயிர் இருக்க வேண்டுமே.

கூட்டத்தில் ஒரு பெரியவர், ஊர்க் கோயில் பூசாரி, அவ்வளவு நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்டார். "அது சரிமா. கரடிக்கு எதுக்கு மனுசன் கையி?"

"பங்காளி முறை," என்றேன். "ரொம்ப தூரத்துப் பங்காளி. ஒரே வூட்ல இருந்து பாகம் பிரிச்சிக்கினு போனவங்க. அஞ்சு வெரலு எல்லாருக்கும் வந்த பாகம். ஒருத்தன் மலைக்குப் போயி கரையான் புத்து தோண்டுறான், அவனுக்கு வெளிப்பக்கத்து வெரலு பலம். ஒருத்தன் கடலுக்குப் போனான். பழவேற்காட்டுப் பக்கம் டால்பின் கரை ஒதுங்குனா துடுப்ப அறுத்துப் பாருங்க, உள்ள அஞ்சு வெரலு இருக்கும். வவ்வாலு ரெக்க கூட வெரலுதான், நீண்டுபோய்க் கீது. நமக்குக் கட்ட வெரலு திரும்பி வந்து எதையும் புடிக்குது. போன எடத்துக்கு ஏத்த மாதிரி ஆயிக்கீது, ஆனா பாகம் ஒண்ணுதான்."

"அப்ப வெட்டுக்கிளியும் பங்காளியா? அதுங்கூட பறக்குதே?"

"அதோட ரெக்கையில எலும்பே இல்லியே. வவ்வாலும் அதுவும் ஒரே தொழில் செய்யுது, அவ்ளோதான். பக்கத்துக் கடைக்காரன் பங்காளி ஆயிடுவானா?"

தோண்டித் தோண்டி விரல் பலமாகாது, பலமான விரலோடு பிறந்தவை பிழைத்தன என்றுதானே சொல்ல வேண்டும் என்று உங்களில் படித்த ஒருவர் இப்போது வாயைத் திறப்பார். தெரியும். கட்டை இன்னும் எட்டுகிற தூரத்தில் கிடந்தது, அதனால் சுருக்கிச் சொன்னேன்.

பூசாரி விடவில்லை. "பங்காளின்னா செத்ததுக்குத் தீட்டு உண்டாமா? நாளைக்கு எனக்குப் பூசை."

"எத்தினி தலைமுறைன்னு எண்ண முடியாத தூரம், பெரியவரே. தலைக்கு ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திக்குங்க, போதும்."

முதலில் சிரித்தது எஸ்.ஐ.தான். அப்புறம் ஊர். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் ஏழுமலையின் கிரகம் அன்றைக்கு அதோடு விடவில்லை. கரடி என்று தெரிந்ததும் எஸ்.ஐ. ஃபாரெஸ்டுக்குப் போன் செய்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் ஃபாரெஸ்ட் ஆபீசரும் கார்டுகள் என்கிற வனக்காவலர் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ஆபீசர் கையைப் பார்த்தார். முதல் கேள்வி, "நகம் எங்கே?" கரடி நகத்துக்கும் முடிக்கும் தாயத்துச் சந்தையில் கிராக்கி உண்டு என்று உங்களுக்குத் தெரியும். கரடியைக் கொன்றால் வருடக்கணக்கில் ஜெயில். கை கிடைத்தது ஏழுமலையின் தோப்பில். கொலைக் கேஸிலிருந்து இறங்கி மூச்சு விடுவதற்குள் அவனைக் கரடிக் கேஸில் ஏற்றிவிட்டார்கள்.

"கத்தியால அறுத்துதான் எடுத்திருக்கான், இல்லையா மேடம்?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார். இந்த முறை கழுத்தை அசைக்கவே இல்லை. பேசும்போதுகூட அசையாமல் பேசினேன், பார்த்தவர்கள் சுளுக்கு என்று நினைத்திருப்பார்கள். "மிச்ச உடம்பப் பாக்காம சொல்ல மாட்டேன்" என்றேன்.

நாய்கள் இழுத்து வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு மலையேறினோம். ஏழுமலை உதட்டில் ரத்தத்தோடு நடுவில் நடந்தான். காய்ந்துபோன ஒரு சுனைக்குப் பக்கத்தில் பாறைக்கு அடியில் கிடந்தது கரடி. கார்டு ஒருவர் மண்டையைப் பார்த்துவிட்டுத் துள்ளினார். "சார், மேல் தாடையில முன்பல்லு ரெண்டு இல்ல! அடிச்சி ஒடைச்சிருக்கான்!"

"அதுக்கு இருக்கவே இருக்காது" என்றேன். இந்தக் கரடிக்கு மேல் வரிசையில் நடுப்பல் இரண்டு கிடையாது. கரையானை உறிஞ்ச அந்தச் சந்து வேண்டும். கார்டுக்கு நம்பிக்கை வரவில்லை. பல் விழுந்த குழி எதுவும் இல்லாமல் எலும்பு வழவழவென்று இருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், தொட்டுப் பார்த்தார். மற்ற பற்கள் ஈறு வரைக்கும் தேய்ந்திருந்தன. கிழட்டு உயிர், தண்ணீர் தேடி வந்து படுத்துவிட்டது. கழுத்திலோ காலிலோ கம்பி அறுத்த தடம் இல்லை. தோலில் ஓட்டை இல்லை.

தோப்புக்கு வந்த கையில் விரல் நுனி போன இடங்களில் நாய்ப் பல் பட்ட குழிகள்தான் இருந்தன, கத்தி போட்ட கோடு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மற்ற மூன்று காலிலும் நகம் அப்படியே இருந்தது. "சார், நகத்துக்காகக் கொன்னவன் அஞ்ச எடுத்துகினு பதினஞ்ச விட்டுட்டுப் போவானா?" என்றேன். ஆபீசர் குனிந்து அந்த நகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "முசலிதி, பாபம்" என்றார். கிழடு, பாவம் என்று அர்த்தம். ஏழுமலையின் பேரை எழுதாமல் நோட்டை மூடினார்.

கீழே வந்தபோது மூன்று மணிக்கு மேல் இருக்கும். எஸ்.ஐ.யின் முகம் மறுபடியும் இறுகியிருந்தது. கை கரடியுடையது, சரி. அப்படியானால் கஸ்தூரி எங்கே? தம்பிகள் மறுபடியும் ஏழுமலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கட்டைகள் எங்கே என்று நான் தேட ஆரம்பித்தேன்.

அப்போது ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நீல கோட்டு, கழுத்தில் ஐ.டி. கார்டு, தலையில் ஃபேக்டரித் தொப்பி. இறங்கியவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தாள்.

"இன்னா, என் கருமாதிக்கு எல்லாரும் வந்துட்டீங்களா?"

கஸ்தூரிதான். சண்டை போட்ட அன்றே ஃபேக்டரி பஸ் ஏறி ஸ்ரீ சிட்டிக்குப் போய், ஹாஸ்டலில் தங்கி, மூன்று நாள் டிரெய்னிங்கும் முடித்துவிட்டாள். போன்தான் கல்லில் போய்விட்டதே, யாருக்கும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்ற வீம்பும் இருந்தது. மத்தியானம் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி செல்லை நீட்டியிருக்கிறாள், அதில் ஊரிலிருந்து பரவிய அந்தக் கையின் படம். "என் கைய என்கிட்டயே காட்டறா! 'பாவம்கா யாரோ, உம் பேருதான், புருசனே கொன்னுட்டானாம்'னு. வாயில வச்ச சோறு எறங்கல எனக்கு."

அது கரடிக் கை என்று கூட்டத்தில் யாரோ சொன்னதும் தம்பிகள் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, சின்னதுல இருந்து இந்தக் கையிலதான சோறு வாங்கித் துன்னீங்க? கரடி கைக்கும் என் கைக்கும் வித்தியாசம் தெரியல உங்களுக்கு?" பெரியவன் தரையைப் பார்த்தான். சின்னவன் என்னைப் பார்த்தான். எனக்கும் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

எஸ்.ஐ. சமாதானமாகச் சொன்னார். "ஒருத்தர் சொன்னாரம்மா, உங்க கை இல்லன்னு. காலைல இருந்து அவரு ஒருத்தர்தான்." ஏழுமலையைக் காட்டினார்.

கஸ்தூரி அவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வீங்கிய கண், கிழிந்த உதடு. குரல் இறங்கிவிட்டது. "உனக்கு எப்பிடியா தெரிஞ்சிது?"

"அது இம்மாம் பெருசா கீது," என்றான் ஏழுமலை. "உன் கை அம்மாம் பெருசுன்னா, நீ அறைஞ்ச அன்னிக்கே நான் போய்ச் சேந்திருப்பேனே."

ஊர் வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "திங்கக்கெழம டூட்டிக்குப் போறேன்" என்றாள். "போ. யாரு வேணான்னது" என்றான். காலையிலிருந்து அங்கே நடந்த எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பேச்சுவார்த்தை அதுதான்.

கூட்டம் கலைந்த பிறகு ஏழுமலையைத் தோப்புக் கட்டிலில் உட்கார வைத்து உதட்டைத் துடைத்தேன். என் பெட்டியில் இருந்தது மாட்டுக்குப் போடுகிற மருந்துதான். "மாடு எப்பிடிமா இத தாங்குது?" என்று முகத்தைச் சுளித்தான். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். குனிந்து பார்க்காமல் தலையாட்டியது தப்பு, நீ வாங்கிய அடி அத்தனையும் என்னால் என்றேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"அடிய வுடுங்க டாக்டரம்மா, மச்சானுங்கதான," என்றான். பஞ்சை எடுக்கச் சொல்லி என் கையை மெல்ல விலக்கினான். "அது அவ கை இல்லன்னு எனக்குத் தெரியும். நிச்சயமா தெரியும். ஆனா நீங்க தலைய ஆட்டுனீங்களே, அப்ப படிச்சவங்க சொல்றாங்க, நமக்கு இன்னா தெரியும்னு நானே நம்பிட்டேன். செத்துட்டாடான்னு. அதுக்கப்பறம் அவனுங்க அடிச்சது எதுவுமே எனக்கு வலிக்கல."